முப்பத்தொரு கல்

கலியம்மாள் ஐம்பது வயதுக்குள் ஏழு பேருடைய மண்டையை உடைத்தவள். அதில் ஐந்து பேருக்கு அந்த அடி வேண்டியதுதான். மற்ற இரண்டு பேரைப் பற்றி ஊரில் இன்னும் வாக்குவாதம் உண்டு. சட்டம், போலீஸ், கோர்ட்டு என்று பேசுகிறவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். அவர்கள் நிலத்தில் யாரும் கல் நட்டிருக்க மாட்டார்கள்.

அவள் வாழ்க்கைப்பட்டது அரியலூருக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில். புருஷன் செல்லதுரைக்கு மூன்றரை ஏக்கர் கரிசல் இருந்தது. கொத்தமல்லியும் பருத்தியும் போடுவார்கள். ஒரு நாள் காலையில் பேன்ட் சட்டை போட்ட நான்கு பேர் சங்கிலியும் முக்காலியும் கொண்டுவந்து, வெள்ளையடித்த கற்களை வரப்பில் நட்டார்கள். ஒவ்வொரு கல்லிலும் சிவப்பில் ஒரு எண். என்னவென்று கேட்டதற்கு, "சும்மா அளவுக்குத்தாம்மா" என்றார்கள். நல்ல வெயில். கலியம்மாள் நான்கு பேருக்கும் மோர் கொடுத்தாள்.

அந்த மோருக்காக அவள் கடைசிவரை தன்னை மன்னிக்கவில்லை. ஒரு வருஷத்தில், சிமென்ட் கம்பெனிக்கு நிலத்தை எடுக்கிறோம் என்று காகிதம் வந்தது. அடுத்த வருஷம் மல்லிக்காடு இருந்த இடத்தில் சுண்ணாம்புக்கல் குழி. வேறு பிழைப்பில்லாமல் செல்லதுரை அதே குழியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனான். வெடி வைத்த ஒரு மத்தியானம், ஒதுங்கி நின்றவனின் நெற்றியில் தேங்காய் அளவுக் கல் ஒன்று பறந்து வந்து விழுந்தது. சொந்த நிலத்துக் கல்லாலேயே செத்தான். கலியம்மாள் அழவில்லை. நேராகக் குழி ஆபீசுக்குப் போய், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனை மண்வெட்டிக் கட்டையால் இரண்டு போடு போட்டாள். அவனுக்கு ஒரு காது போயிற்று, அவளுக்கு எட்டு மாதம் திருச்சி ஜெயில்.

வெளியே வந்தது தொண்ணூற்றைந்தில். போக்கிடம் என்று இருந்தது தம்பி குருநாதன் ஒருவன்தான். பாடாலூருக்கு மேற்கே கரட்டுப்பட்டியில் அவனுக்கு இரண்டு ஏக்கர். அதன் மூலையில் அக்காவுக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்தான். அவன் பெண்டாட்டி முத்தாயிக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஜெயிலுக்குப் போய்வந்த நாத்தனாரை எந்தப் பெண் விரும்புவாள்? ஆனாலும் சோறு போட்டாள். இந்த இரண்டு ஏக்கரும் போனால் தனக்கு நிற்க மண் கிடையாது என்பது கலியம்மாளுக்கு ஒவ்வொரு நாளும் நினைப்பிருந்தது.

அதனால் அவள் ஊருக்கே பாடம் நடத்தினாள். களை எடுக்கும்போது, குழாயடியில், சாவு வீட்டில், எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தப் பேச்சுதான்.

"வெள்ளக் கல்லு நட ஒருத்தன் வந்தான்னா பேசக் கூடாது. பேசுனா அவன் செயிச்சுருவான், அவன் படிச்சவன். மொதல்ல அடி. அப்பறம் கேளு."

மூன்று வருஷம் இதையே கேட்டுக் கேட்டு, கரட்டுப்பட்டியில் கைக்குழந்தைக்குக்கூட வெள்ளைக் கல் என்றால் என்னவென்று தெரிந்துபோயிற்று.

தொண்ணூற்றெட்டில் ஊருக்குத் தெற்கே புறம்போக்கில் ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்தது. முள்வேலிக்குள் வரிசை வரிசையாக நூற்று இருபத்தெட்டு கம்பங்கள், ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே கம்பிகள். நடுவில் ஒரு ஷெட். ஊர்க்காரர்கள் அதைக் கம்பித் தோட்டம் என்றார்கள். அதை நடத்தியவர் ஜபருல்லா. லப்பைக்குடிக்காட்டுக்காரர். வீட்டில் அண்ணன்கள் எல்லாம் துபாயில் கடை வைத்திருக்க, இவர் மட்டும் ரேடியோ படித்துவிட்டு வெயிலில் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பங்களுக்கு அடியில் முளைக்கிற சீமைக்கருவேலைச் செடியை வெட்டிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். கலியம்மாள் அந்த வேலையில் சேர்ந்தாள்.

மேலே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வெயில் பட்டு மின்சாரம் ஏறிய காற்று இருக்கிறது, இங்கிருந்து அலையை அனுப்பினால் அதில் பட்டுத் திரும்பும், திரும்புவதைக் கேட்டால் மேலே என்ன நடக்கிறதென்று தெரியும் என்று ஜபருல்லா சொன்னார். அவளுக்கு அது புரிந்தது, ஆனால் எதற்கு என்றுதான் புரியவில்லை. "மேல நடக்கறது இருக்கட்டும் சார், கீழ நடக்கறத எவன் கேக்கறான்?" என்றாள்.

ஒரு வருஷம் கேட்ட பிறகு ஜபருல்லாவுக்குத் தூக்கம் போயிற்று. இவருடைய கணக்கும் வேறு ஊர் நிலையத்துக் கணக்கும் ஒத்துப்போகவில்லை. கம்பிகள் எல்லாம் சேர்ந்து, டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி, அலையை ஒரே திசையில் நேர் வடக்கே வீசவேண்டும். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. நிஜத்தில் எங்கே பார்க்கிறது என்று யாரும் அளந்ததில்லை. அதை அளக்க அவர் கண்ட வழி இது. ஷெட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வடக்கே, அரிவாள் போல வளைந்த ஒரு கோட்டில் இரண்டிரண்டு டிகிரிக்கு ஒன்றாக முப்பத்தொரு அடையாளம். ஒவ்வொரு அடையாளத்திலும் ஒரு ஆள் மூங்கில் கழியில் சின்ன ஒலிபரப்புப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் அசையாமல் நிற்கவேண்டும். ஷெட்டில் மீட்டர் முள் எந்த இடத்துக்கு அதிகம் ஏறுகிறதோ, அந்தப் பக்கம்தான் கம்பிகளின் பார்வை. அசையாமல் நிற்பதில் கலியம்மாளை மிஞ்ச ஆள் இல்லை.

முதலில் மரக்குச்சி நட்டார்கள். மறுநாளே அடுப்புக்குப் போய்விட்டது. அதனால் கல். தூரத்திலிருந்து அளவுக் கண்ணாடியில் தெரியவேண்டும், அதனால் வெள்ளைச் சுண்ணாம்பு. எந்த டிகிரி என்று தெரியவேண்டும், அதனால் சிவப்பில் எண்.

லாரியிலிருந்து அந்தக் கற்களை இறக்கியபோது கலியம்மாளின் முகம் மாறியது. கருவேலை வெட்டும் அரிவாள் கையில் இருந்தது. அதை ஜபருல்லாவின் கழுத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"எந்தக் கம்பெனிடா?"

சார் என்பது போய்விட்டது. ஜபருல்லா இரண்டு கையையும் தூக்கினார். அல்லா மேல் ஆணை, வாப்பா மேல் ஆணை என்றார். அவளை ஷெட்டுக்குள் கூட்டிப்போய் முள்ளைக் காட்டினார். பெட்டியை அவளே கையில் எடுத்துக்கொண்டு வேலிவரை நடக்கச் சொன்னார், வாட்ச்மேனை முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நடந்தால் முள் ஆடுகிறது, நின்றால் நிற்கிறது. கம்பெனிக்காரன் இவ்வளவு சிரமப்பட மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. அரிவாளை இறக்கினாள்.

"நான் நம்பறேன் சார். ஆனா வெள்ள வேணாம். பச்சை அடிங்க, நீலம் அடிங்க."

"காட்டுக்குள்ள வேற கலர் தெரியாதுக்கா. பத்து நாள் வேலதானே, நானே புடுங்கிருவேன் இன்ஷா அல்லா."

"ஊர்ல சொல்லியாச்சா?"

"கலெக்டர் ஆபீஸ்ல பெர்மிஷன் இருக்குக்கா."

லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் குழி கிடையாது. வெள்ளைக் கல் அவருக்கு வெறும் கல். படித்த மனிதர்தான், ஆனால் ஊரில் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை போலிருக்கிறது. கலியம்மாள் தன் பங்குக்குத் தம்பியிடம் சொன்னாள். "கம்பித் தோட்டத்துல அளக்கறாங்கடா, வரப்புல கல்லு வரும்" என்றாள். அன்று போகி. குருநாதன் குடித்திருந்தான். "சரிக்கா, சரிக்கா" என்று தலையை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனான்.

இரண்டாயிரமாவது வருஷத்துப் பொங்கல் அது. மூன்று நாளும் காட்டில் யாரும் இல்லை. புருஷன் செத்ததிலிருந்து அவள் பொங்கல் வைப்பதில்லை, ஜபருல்லாவுக்கும் பொங்கல் இல்லை. முப்பத்தொரு கல்லையும் அவள் நட்டு முடித்தாள். நாலாம் நாள் காலையில் கழியைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். அன்றுதான் ஊரும் காட்டுக்கு வந்தது.

ஒன்பதாவது கல். அதில் 346 என்று எழுதியிருந்தது. அது இருந்தது குருநாதனின் வரப்பில். கலியம்மாள் கழியை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாக்கி டாக்கியில், "முந்நூத்தி நாப்பத்தாறு வந்துட்டேன் சார்" என்றாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் முப்பது பேர். கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தானே! முத்தாயிதான் முதலில் பாய்ந்து மயிரைப் பிடித்தாள். "எங்க வயித்துல கல்லு நட வந்தியாடி? சோறு போட்ட வூட்டுக்கே குழி வெட்டுறியா?" என்று முகத்தை வரப்பில் வைத்துத் தேய்த்தாள். பக்கத்துக் காட்டுக்காரன் சின்னதுரை விலாவில் மிதித்தான். யாரோ சாட்டையால் முதுகில் இழுத்தார்கள். வாயில் மண்ணும் ரத்தமும் சேர்ந்து நறநறத்தது. அவள் கத்தவில்லை. திருப்பியும் அடிக்கவில்லை. தான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் யார்மேல் கோபப்படுவது?

கடைசியாகக் குருநாதன் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, அழுதுகொண்டிருந்தான்.

"நீயாக்கா? போயும் போயும் நீயா?"

வண்டி முளைக்குச்சியை ஓங்கி இறக்கினான். தலைக்கு வந்ததை அவள் வலது கையால் தடுத்தாள். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது.

வாக்கி டாக்கியின் பொத்தான் அவள் உடம்புக்கு அடியில் அமுங்கிக் கிடந்தது. அதனால் அத்தனையையும் ஷெட்டில் ஜபருல்லா கேட்டுக்கொண்டிருந்தார். கழி விழுந்ததும் முள்ளும் விழுந்தது. அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் வந்து சேர்ந்தபோது அவருக்கும் கிடைத்தது. முன்பல் இரண்டு போயிற்று. அந்த ரத்தத்தோடு குருநாதனின் காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு தடவ ஷெட்டுக்கு வந்து பாருங்க. அதுக்கப்பறமும் பொய்யின்னா என்னைக் கொன்னு போடுங்க."

அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லியாகவேண்டும். அவர் போலீசுக்குப் போகவில்லை. போயிருந்தால் பாதி ஊர் உள்ளே போயிருக்கும். கலியம்மாளைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, ஊரையே ஷெட்டுக்குள் ஐந்தைந்து பேராக விட்டு முள்ளைக் காட்டினார். குருநாதன் கழியைப் பிடித்துக்கொண்டு காட்டில் நின்றான், முத்தாயி ஷெட்டில் முள்ளைப் பார்த்தாள். அவன் நகர்ந்தால் முள் நகர்ந்தது. வெளியே வந்த முத்தாயி வேலிக் கம்பத்தில் தன் தலையை மோதிக்கொண்டாள்.

மீதிக் கற்களுக்குக் கழியைத் தூக்கி நடந்தது குருநாதன்தான். அக்காவுக்குச் செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்று நினைத்தான். முதல் கல்லிலிருந்து முப்பத்தொன்றாவதுவரை மூன்று தடவை நடந்தான். கம்பித் தோட்டம் நேர் வடக்கைப் பார்க்கவில்லை, நாலு டிகிரி கிழக்கே தள்ளிப் பார்க்கிறது என்று தெரிந்தது. எட்டுக் கேபிள்கள் இடம் மாறிச் சொருகப்பட்டிருந்தன. ஒரு வருஷக் கணக்கு முழுவதையும் ஜபருல்லா திருத்தினார். ஊர்க்காரர்கள் நாற்பது பேர், "கல் நடுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் வாங்கியவன் குருநாதன். பத்தாம் நாள், சொன்னபடியே எல்லாக் கற்களையும் பிடுங்கிக்கொண்டு போனார் ஜபருல்லா.

கலியம்மாளின் கை கோணலாகக் கூடியது. தோளுக்குமேல் தூக்க முடியாது. குருநாதன் ஒரு நாள் தவறாமல் அக்காவுக்குத் தண்ணீர் எடுத்துவைத்தான், முத்தாயி தலை வாரிவிட்டாள். ஆனால் அவள் வெள்ளைக் கல் பேச்சை எடுத்தால் மட்டும் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. "விடுக்கா, அதெல்லாம் வானத்து வேல" என்பான் தம்பி. ஊரிலேயே வானத்தைப் பற்றித் தெரிந்தவன் இப்போது அவன்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் நிலையத்தை மூடினார்கள். கம்பங்களை லாரியில் ஏற்றினார்கள். ஜபருல்லாவும் அண்ணன்களிடம் போய்விட்டார்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு தை மாதம், ஊருக்குள் இரண்டு ஜீப் வந்தது. வெள்ளைக் கல், சிவப்பு எண். குருநாதன் முன்னால் போய், "என்னா சார், ஆன்டெனா அளவா? திரும்பவும் வரப்போவுதா?" என்று கேட்டான். வந்தவன் கெட்டிக்காரன். ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, "ஆமாங்க, ஆன்டெனாதான்" என்றான். குருநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த வரப்பில் நட்டால் நன்றாகத் தெரியும் என்று அவனே காட்டிக்கொடுத்தான். ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்து வேண்டும் என்றார்கள். "அதுக்கென்ன சார், போன தடவயும் நாந்தான் வாங்குனேன்" என்று அறுபது கையெழுத்து வாங்கிக் கொடுத்தான். காகிதத்தில் மேலே என்ன எழுதியிருந்தது என்று யாரும் படிக்கவில்லை.

கலியம்மாள் மறுநாள்தான் பார்த்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"டேய் குருநாதா, இது நேர்கோட்டுல போவுதுடா! நாலு மூலையும் கட்டியிருக்கான். அது வளைஞ்சுல்ல இருந்துச்சு. நீதானடா நடந்தே, ஒனக்குத் தெரியல?"

"அது பழைய மெஷினுக்கா. இது புது மாடலா இருக்கும்."

அவள் வரப்பில் இறங்கினாள். நட்ட கல்லை இடது கையால் பிடுங்க முயன்றாள், வரவில்லை. கீழே கிடந்த பெரிய சல்லிக் கல்லை எடுத்துக்கொண்டு போய், குனிந்து கல் நட்டுக்கொண்டிருந்தவனின் பிடரியில் இடது கையாலேயே போட்டாள். அவன் குப்புற விழுந்தான். இரண்டாவது அடிக்குள் ஊர் ஓடிவந்துவிட்டது. சின்னதுரை அவளை வயிற்றில் உதைத்துத் தள்ளினான். "பைத்தியக்காரி, ஊருக்குக் கெட்ட பேரு வாங்கித் தர்றா" என்று பெண்கள் துப்பினார்கள். குருநாதன் அடிபட்டவனிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டான். கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து, அக்காவைத் தரதரவென்று இழுத்துப்போய் மாட்டுக் கொட்டகையில் கட்டினான்.

"பத்து நாள்க்கா. பத்து நாள்ல அவங்களே புடுங்கிட்டுப் போயிருவாங்க. அதுவரைக்கும் பொறுத்துக்க."

கயிறு அறுத்த இடம் புண்ணாகிப்போயிற்று. முத்தாயி சோறு ஊட்டினாள். கலியம்மாள் சாப்பிட்டாள், யாரையும் திட்டவில்லை. கல் நடுகிற சத்தம் நான்கு நாள் கேட்டது, பிறகு நின்றது. பத்தாம் நாள் யாரும் கல் பிடுங்க வரவில்லை. அவளை அவிழ்த்துவிட்டார்கள். இருபதாம் நாளும் வரவில்லை. ஆனி மாதம் தலையாரி காகிதக் கட்டோடு வந்தான். வீட்டுக்கு ஒன்று. ஊரார் சம்மதக் கையெழுத்தின்பேரில் கம்பெனிக்கு நிலம் எடுக்கப்படுகிறது என்று எழுதியிருந்ததை, பத்தாவது படித்த ஒரு பெண் குழாயடியில் நின்று சத்தமாக வாசித்தாள்.

ஊர் அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னது. அப்புறம் ஒரேயடியாகக் குருநாதனின் வீட்டைப் பார்த்துத் திரும்பியது. கையெழுத்து வாங்கியவன் அவன். வரப்பைக் காட்டியவன் அவன். கம்பெனியிடம் எவ்வளவு வாங்கினான் என்று யாரோ கேட்டார்கள். அது போதுமானதாக இருந்தது. வரும் வழியிலேயே அவன் வைக்கோல் போருக்குத் தீ வைத்தார்கள். அவன் எருமையின் பின்னங்காலில் ஒருவன் அரிவாளை வீசினான். அது கத்தின கத்தல் பாடாலூர் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

குருநாதன் வீட்டுக்குள் மூலையில் உட்கார்ந்திருந்தான். ஓடவில்லை. "வந்து அடிக்கட்டும்க்கா. நான் சாவ வேண்டியவன்தான்" என்றான். கலியம்மாள் அவனைப் பார்த்தாள். அவளுக்கும் அவன் கழுத்தை நெரிக்கவேண்டும் என்றுதான் இருந்தது. இரண்டு ஏக்கர். அதன் மூலையில் ஒரு குடிசை. அவ்வளவையும் இவன் தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டான், அவளையும் கட்டிப்போட்டுவிட்டு.

அவள் வெளியே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். கையில் ஒன்றும் இல்லை.

"தள்ளுடி" என்றான் சின்னதுரை.

அவள் தள்ளவில்லை. கூட்டத்திலிருந்து வந்த முதல் கல் தோளில் பட்டது, இரண்டாவது நெற்றியில். ரத்தம் கண்ணில் இறங்கி ஒரு பக்கம் எதுவும் தெரியாமல் போயிற்று. கோணல் கையால் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கைய ஒடைச்சவன் அவன். மாட்டோட மாடா என்னைக் கட்டிப் போட்டவன் அவன். அவன அடிக்கறதா இருந்தா நான்தான் அடிக்கணும், நீங்க யாருடா? ரெண்டு தடவ மண்ணு போச்சு எனக்கு. புருசன் போனான். இவன் ஒருத்தந்தான் மிச்சம். வாங்கடா, வந்து என்னை மொதல்ல கொல்லுங்க."

மூன்றாவது கல் வரவில்லை. வைக்கோல் போர் எரிந்துகொண்டிருந்தது. எருமை இன்னும் கத்திக்கொண்டிருந்தது. சின்னதுரை கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழத் தொடங்கினான். அவனுக்கு ஐந்து ஏக்கர் போயிருந்தது.

உள்ளே குருநாதன், "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. கூட்டம் முழுவதும் கலைந்து போகிறவரை வாசலிலேயே நின்றாள்.